சுவர்ப் பக்கம்

பள்ளுருத்தி பள்ளிக்கூடத்து வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். சங்கிலிப்பாண்டியும் அவன் பெண்சாதி மாடத்தியும் அதன் ஓரத்தில் சோதனை முடிவுக்காகக் காத்திருந்தார்கள்.

போன வாரம் இதே இடத்தில் இருவரும் ஆளுக்கொரு பையில் மூச்சை ஊதிக் கொடுத்திருந்தார்கள். ஊசி இல்லை, கத்தி இல்லை, ஊதினால் போதும். உள்ளே புற்றுநோய் இருந்தால் மூச்சு காட்டிக்கொடுக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறோம் என்றார்கள் டாக்டர்கள்.

கூட்டிக்கொண்டு வந்தது அவன்தான். "எனக்கு என்ன கேடு? வேற சோலி இல்ல உங்களுக்கு" என்று மாடத்தி முரண்டு பிடித்தாள். அவன் விடவில்லை.

அஞ்சு என்கிற நர்ஸ் அவனையும் விடவில்லை. ஒரே வீடு, ஒரே சோறு, ஒப்பிட்டுப் பார்க்க ஆகும், நீங்களும் ஊதுங்கள் சேட்டா என்றாள். சரி, பேருக்கு ஊதிவைத்தான். ஊதும்போது இருமல் வந்தது. மிளகு மூட்டை தூக்குகிறவனுக்கு இருமல் வராமல் வேறு என்ன வரும்?

ஏன் அவளைக் கூட்டிவந்தான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மட்டாஞ்சேரி குடோன்களில் மூக்கு என்றால் அது சங்கிலிப்பாண்டி மூக்குதான். மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். பக்கத்தில் போய் நின்றாலே சுக்கு பூசணம் பூத்திருக்கிறதா, மிளகில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று சொல்லிவிடுவான். முதலாளியே அவனைக் கேட்டுத்தான் சரக்கை இறக்குவார். யூதத் தெருவைச் சுற்றிப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் குடோன் வாசலில் நின்று ஆசையாக மூச்சை இழுக்கும்போது, இவர்களுக்கு என்ன தெரியும் என்று அவனுக்குச் சிரிப்பு வரும். கொஞ்சம் தலைக்கனம்தான்.

போன மழைக்காலத்தில், பாயில் படுத்திருந்தபோது, அந்த மூக்கு ஒன்றைப் பிடித்தது.

ஒரு வாடை. பல் விளக்காத வாடை இல்லை. உள்ளே ஏதோ நனைந்து கெட்டுப்போன வாடை. பக்கத்தில் மாடத்தி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் கேட்டிருக்கலாம். ஏட்டி, உடம்புக்கு என்ன செய்யுது என்று ஒரு வார்த்தை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தான்? கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

சுவரைப் பார்த்துப் படுத்த பிறகும் வாடை விட்டபாடில்லை. எவ்வளவு முற்றியிருந்தால் இங்கே வரைக்கும் அடிக்கும் என்று எரிச்சல்தான் வந்தது. மழை விட்டு, ஓணம் வந்து போய், மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கை தோளில் பட்டால், தூங்குகிறவன் மாதிரிக் கிடப்பான். கை கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடும்.

அப்புறம்தான் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள், மூச்சை வைத்தே சோதிக்கிறோம், வாருங்கள் என்று. தலையில் மூட்டையோடு நடுத்தெருவில் நின்றுவிட்டான். இத்தனை படித்தவர்கள் எந்திரம் வைத்துத் தேடுவதை அவன் மூக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்திருக்கிறது. கண்டுபிடித்து என்ன பிரயோஜனம்? மூக்குக்குச் சொந்தக்காரன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான்.

இப்போது பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தால்? பாவி, கட்டினவளின் உயிரைவிட மூக்கு பெரிதாகப் போய்விட்டதே. இவளுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லி அவள் காலில் விழுந்துவிட வேண்டும். அதை மட்டும் முடிவு செய்து வைத்திருந்தான்.

மாடத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கப்பைக் கிழங்குக்கு மத்தி மீன் நல்லதா, அயிலை நல்லதா என்று பேசிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. அஞ்சு வெளியே வந்தாள்.

"மாடத்தி சேச்சிக்கு ஒரு குழப்பமும் இல்ல, கேட்டோ. நல்ல சுகமா இருக்காங்க."

சங்கிலிப்பாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து நின்று கும்பிடப் போனான்.

அஞ்சு அவனைப் பார்க்காமல் பேசினாள். "சேட்டன் உள்ள வரணும். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தப் பாயில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். அவன் மூக்கு ஒருத்தியைத்தான் கணக்கில் எடுத்திருந்தது.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அந்த ஒரு வருஷம். ஒரு குற்றமும் இல்லாதவளை ஒதுக்கி வைத்த ஒரு வருஷம். தோளில் பட்டுவிட்டுப் போன அந்தக் கை.

மாடத்தி அழவில்லை. எப்போதோ தெரிந்த சேதியைக் கேட்டவள் போல எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான்.

"நீங்க என்னத்தச் சொல்லப் போறீங்க? உங்க மூச்சுல அடிக்கிற வாடை எனக்குத் தெரியாதா? கேட்டா சங்கடப்படுவீங்கன்னு நானும் வாயத் தொறக்காம இருந்துட்டேன். எனக்கு அடிக்கக் கூடாதுன்னுதான நீங்க சொவத்துப் பக்கமே படுத்தீங்க? எந்த ஆம்பள அப்படி நெனைப்பான்?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

அஞ்சு கதவைப் பிடித்தபடி நின்றாள். இப்போதுகூடச் சொல்லலாம்.

"ஆமா" என்றான்.