மரத்தூள்

வீட்டுப் பட்டறையில் ரம்பத்தோடு தூசி உறிஞ்சும் மெஷினைப் பொருத்தி முடித்தார் மலையாண்டி. அதை வாங்கி அனுப்பிய மகன் துபாயிலிருந்து போனில் சிரித்தான்.

"இனிமே பக்கத்து வீட்டு அமராவதி அத்தை சண்டைக்கு வராதுப்பா."

அப்படியே ஆயிற்று. காயப்போட்ட துணியெல்லாம் மரத்தூள் என்று தினமும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துகிறவள் அடங்கிப்போனாள். ஒரு வாரமாக மலையாண்டியிடம் பேச ஆளில்லை. மகனும் கூப்பிடவில்லை.

இன்று காலை மெஷின் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு ரம்பத்தை ஓட்டினார். தூள் சுவரைத் தாண்டிப் பறந்தது.

"ஏண்ணே, இப்பத்தானே தொவைச்சுப் போட்டேன். அம்புட்டும் பாழாப் போச்சு" என்று உடனே குரல் வந்தது.

மனம் குளிர்ந்துபோய், மன்னிப்புக் கேட்கச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார்.

அமராவதியின் கொடியில் ஒரு துணிகூட இல்லை.