மொட்டை

சீசன் முழுக்க முதலிடத்தில் இருந்த ஓட்டுநர் மிசாவாவின் ஃபார்முலா கார், சுசூகா தடத்தில் நடந்த கடைசிப் பந்தயத்தில் டயர் மாற்றிக் கிளம்பியதும் சக்கரம் கழன்று நின்றது. பட்டம் போயிற்று.

மறுநாள், டயர் மாற்றிய குவபாரா மன்னிப்புக் கேட்கத் தலையை மழித்துக்கொண்டு வந்து, நிருபர்கள் முன் இடுப்பு வளையக் குனிந்தான்.

“என் தப்புதாங்க. நட்டைச் சரியா முறுக்கல.”

“விடுப்பா, யாருக்கும் வர்றதுதான்” என்று மிசாவா தோளைத் தட்டினான். நிருபர்கள் அவன் பெருந்தன்மையை எழுதிக்கொண்டு போனார்கள்.

தனியானதும் குவபாரா ஒரு மெமரி கார்டை நீட்டினான்.

“கார் கேமராவுல இருந்தது சார். நான் முடிச்சுப் ‘போகலாம்’னு கையைத் தூக்கறதுக்குள்ள நீங்க கிளம்பிட்டீங்க. வேற யாரும் பார்க்கல. அடுத்த வருஷமும் டீமுக்கு நீங்க வேணும்.”

மிசாவா அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“முடிதானே, வளர்ந்துடும்” என்றான்.