குடிலுக்குப் பாசி

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாறைப் பாசி எடுக்க, மளிகைக்கடை அந்தோணிச்சாமி மூன்று பிள்ளைகளோடு குரங்கணி மலையேறினார்.

“யப்பா, அட்டை!” என்று கத்தினாள் சின்னவள் ஞானம்.

“ஆடாத, ஆத்தா.” கடித்த இடத்தில் புகையிலையைத் தேய்த்தார். அட்டை உதிர்ந்தது.

ஏலத்தோட்டக் காவல்காரர் நின்று பார்த்தார். “மூணும் ஒங்க புள்ளைகளாண்ணே?”

“எங்கப்பாதான்!” என்று முந்திக்கொண்டாள் ஞானம்.

அதன்பிறகு அந்தோணிச்சாமிக்கு மூட்டுவலி தெரியவில்லை. கூடை நிறைந்த பிறகும், இன்னும் ஒரு பாறை பார்ப்போம் என்று பொழுது சாயும்வரை பிள்ளைகளை நடத்தினார்.

போடியில், அனாதை விடுதி வாசலில், கன்னிகாஸ்திரி தலைகளை எண்ணி உள்ளே விட்டார்.

ஞானம் மட்டும் நின்றாள். “மலையில யாராச்சும் கேட்டா அப்பான்னு சொல்லச் சொன்னீங்க. இப்ப மலை எறங்கியாச்சு. இனி இவர அப்பான்னு கூப்பிட வேணாம்ல, சிஸ்டர்?”

சிஸ்டர் வாய் திறக்குமுன், “வேணாம், ஆத்தா” என்றார் அந்தோணிச்சாமி.