கல்லில் ஒரு புள்ளி

“அந்த ‘மனைவி’யை எடுத்துடுப்பா,” என்றார் மிலிட்டரி.

ஓங்கிய சுத்தியலைக் கல்தச்சர் அப்படியே இறக்கினார். கடை வாசலில் கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மிலிட்டரியின் மனைவி போன மாதம்தான் இறந்திருந்தார். அவர் நினைவாக அவர்களுடைய மளிகைக் கடைக்கு முன்னால் தெருச் சங்கம் ஒரு கல் பெஞ்சு போடுகிறது. பெயரை வெட்டியாகிவிட்டது. அதற்குக் கீழே சங்கத் தலைவர் பல நாள் யோசித்து, சாக்பீஸால் தன் கைப்படவே எழுதிய வரி: ‘போர்வீரரின் மனைவி’. ஒரே வரியில் இரண்டு பேரையும் கௌரவித்துவிட்டதில் அவருக்கு நிரம்பத் திருப்தி.

இந்தக் குடும்பம் யுத்தம் பார்த்த குடும்பம் என்பது அவர்கள் குடிவந்த அன்றே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மிச்சத்தைத் தெருவே பார்த்துக்கொண்டது. கடைக்காரருக்கு ‘மிலிட்டரி’ என்று பெயர் வைத்தது. அவர் மறுத்துப் பேச வாயெடுத்தபோதெல்லாம், உண்மையான வீரன் தற்பெருமை பேசமாட்டான் என்று வாயை அடைத்தது.

ஒருமுறை கடைக்கு எதிரே லாரி டயர் வெடித்தது. மிலிட்டரி கண்மூடித் திறப்பதற்குள் பருப்பு மூட்டைக்குப் பின்னால் குப்புறப் படுத்துவிட்டார். என்ன பயிற்சி, என்ன வேகம் என்று தெரு மெய்சிலிர்த்தது. அவர் மனைவி மட்டும், அனுபவம் போதாதோ என்னவோ, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் பாட்டிலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, இத்தனை வருஷம் உங்க பக்கத்துல நின்னு பொட்டலம் மடிச்ச பொம்பளை,” என்றார் மாடி வீட்டம்மா. “கல்லுல ஒரு வார்த்தைக்கு இடம் தர மாட்டீங்களா?”

“அது வந்து...”

“நீங்க பேசாதீங்க மிலிட்டரி. துக்கத்துல இருக்கீங்க,” என்றார் தலைவர். “தப்பா ஏதாவது சொல்லிடுவீங்க.”

“சார், கல்லுல வெட்டிட்டா அப்புறம் அழிக்க முடியாது சார். அதுக்குத்தான் சொல்றேன்.”

“அதையேதான் நாங்களும் சொல்றோம். நாளைக்கு இங்க உக்கார்றவன் அவங்க யாருன்னு கேட்டா, என்ன பதில் சொல்றது?”

கல்தச்சருக்கு இந்த வம்பில் அக்கறை இல்லை. பகலுக்குள் இன்னொரு வேலைக்குப் போக வேண்டும். “‘மனைவி’யை எடுத்தா ‘போர்வீரரின்’னு அந்தரத்துல தொங்கும்ங்க,” என்றார்.

மிலிட்டரி மெதுவாகக் குனிந்து, வேட்டி நுனியால் ‘மனைவி’யைத் துடைத்தார். பிறகு ‘ரி’யின் கொக்கியை. பிறகு கடைசி ‘ன்’னை. மிச்சமிருந்த ‘ர’வின் தலையில், சாக்பீஸை வாங்கி ஒரு புள்ளி வைத்தார்.

இப்போது கல்லில் ‘போர்வீரர்’ என்று மட்டும் இருந்தது.

“பாத்தீங்களா அநியாயத்தை,” என்றார் மாடி வீட்டம்மா.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. “வெக்கமா இல்லையா மிலிட்டரி? செத்துப்போன பொண்டாட்டியோட பெஞ்சுலயும் நீங்களே உக்காந்துக்கணுமா?”

மிலிட்டரி கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். இம்முறை யாரும் குறுக்கிடுவதற்குள் சொல்லி முடித்தார்.

“சண்டைக்குப் போனவ அவதான் சார்.”