தலைவர் கணித்த கொம்பு

"சுடு, நெல்டா. இது உருப்படாத கொம்பு."

பிக்கப் வண்டியின் ஜன்னலை இறக்கி, பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடியே தீர்ப்பு வழங்கினார் ராய்ஸ் ஹாஸ்கெட். சாலையோரப் பைன் மரங்களுக்கு இடையில் இளம் ஆண்மான் ஒன்று ஆடாமல் அசையாமல் நின்றிருந்தது.

ராய்ஸ், வேட்டைச் சங்கத் தலைவர். கொம்பைப் பார்த்தே மானின் எதிர்காலத்தைச் சொல்வதில் கிழக்கு டெக்சஸிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய கருத்து. பின்சீட்டிலிருந்த பொருளாளர் வெர்ஜிலின் கருத்தும் அதுவே. வெர்ஜிலுக்கென்று தனியாகக் கருத்து எதுவும் கிடையாது.

"இது சின்னது, தலைவரே," என்றாள் முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் இருந்த நெல்டா. "வயிறு தொங்கல, கழுத்து மெலிசு, கால் மட்டும் நெடுநெடுன்னு இருக்கு. ஒண்ணரை வயசுதான் இருக்கும். முதல் கொம்பைப் பாத்து அதோட தலையெழுத்தைச் சொல்லிடாதீங்க."

"அடிக்கொம்பைப் பாரு, என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்ல. காதைத் தாண்டி விரியவும் இல்ல. வம்சமே அப்படி! இதை விட்டா நாளைக்கு நம்ம காடு பூரா இதோட பிள்ளைங்கதான் சுத்தும்."

"தலைவரு தாத்தா பாட்டி வரைக்கும் பாத்துடுவாரு," என்றான் வெர்ஜில், சாசேஜ் பிஸ்கட்டை மென்றுகொண்டே.

நெல்டா தன் பக்கத்துக் கண்ணாடியில் படிந்த மூச்சைக் கையுறையால் துடைத்தாள். அப்படியொரு குளிர். எதிர்ப்பக்க வேலியோரம் மாடுகள் மூக்கிலிருந்து புகை புகையாக விட்டுக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் மானின் முகம் மட்டும் துடைத்து வைத்ததுபோல் தெளிவாக இருந்தது.

"ரெண்டே வருஷம் விட்டுப் பாருங்க. தலைமேல மரமே வளத்து வெச்சிருக்கும்," என்றாள்.

சங்கத்தின் குத்தகைக் காட்டில், ஓடையோரம் மானுக்காக ஏறி உட்கார்ந்து காத்திருக்கும் வேட்டை மேடை அவள் அப்பாவுடையது. அவர் போன பிறகு அது மகளுக்குத்தான் என்பது ஊருக்கே தெரியும். தலைவருக்கு ஒரு மருமகன் இருப்பதும், அவனுக்கு மேடை இல்லாததும் ஊருக்குத் தெரியும். ஆகவே இன்று நெல்டாவுக்கு இந்தப் பரீட்சை.

"சங்க விதி ஞாபகம் இருக்கில்ல? தலைவர் உருப்படாதுன்னு கழிச்ச மானைச் சுடாதவங்களுக்குச் சங்கத்துல இடமில்ல. சட்டத்துல மாட்டுனவங்களுக்கும் இடமில்ல. ரெண்டும் நானே எழுதினது."

"அப்ப ரெண்டாவதையும் கொஞ்சம் பாருங்க. பொது ரோட்டுல, வண்டிக்குள்ள உக்காந்து சுடறது குத்தம்."

"அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு, பொண்ணே. கடைசியாக் கேக்கறேன். சுடுவியா, மாட்டியா?"

நெல்டா துப்பாக்கியிலிருந்து தோட்டாவை உருவி, அவருடைய காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மாட்டேன். மேடை போனாப் போகட்டும். இப்படியொரு பாவத்தைப் பண்ணிட்டு எங்கப்பா உக்காந்த இடத்துல ஏறி உக்கார மாட்டேன்."

"வெர்ஜில், கேட்டியா? மேடை காலி."

"காலிதான், தலைவரே."

ராய்ஸ் தன் துப்பாக்கியை ஜன்னலில் சாத்திச் சுட்டார். எதிர்ப்பக்கத்து மாடுகள் சிதறி ஓடின. மான் ஓடவில்லை, விழவும் இல்லை. தலையை மெல்லத் திருப்பி, ராய்ஸை ஒரு பார்வை பார்த்தது.

"பாத்தியா? பயப்படக்கூடத் தெரியல. வம்சம் அப்படி!" என்று மறுபடியும் சுட்டார். மான் அலுத்துப்போனதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதற்குள் புதரிலிருந்து எழுந்து வந்தார் அரசாங்க வேட்டைக் காவலர். தொப்பியெல்லாம் பைன் சருகு. ஒரு கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

"துப்பாக்கியைக் கீழ வைங்க, ஐயா. பொது ரோட்டுல வண்டியிலிருந்து சுட்டிருக்கீங்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை."

வெர்ஜில் வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சொந்தமாக ஒன்றை யோசித்தான். "தலைவரே... அந்த ரெண்டாவது விதி?"

"வாயை மூடுடா!" ராய்ஸ் வண்டியிலிருந்து இறங்கி நெஞ்சை நிமிர்த்தினார். "அபராதம் போடுங்க, லைசென்ஸைப் புடுங்குங்க, என் பதவியே போகட்டும்! நான் இந்தக் காட்டுக்குச் சேவைதான் பண்ணியிருக்கேன். இன்னும் பத்து வருஷம் ஆனாலும் அந்தக் கொம்பு ஒரு அங்குலம் வளராது. எந்த கோர்ட்டுல வேணாலும் வந்து சொல்றேன்!"

"வளரும்!" நெல்டாவும் இறங்கிவிட்டாள். "சார், நீங்க எத்தனை மானைப் பாத்திருப்பீங்க. நீங்களே சொல்லுங்க. அது வளருமா, வளராதா?"

காவலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மானையும் பார்த்தார். அவருக்கே சங்கடமாக இருந்தது.

"மன்னிக்கணும்மா. இந்த விஷயத்துல தலைவர் சொல்றதுதான் சரி."

ராய்ஸின் மீசை ஒரு சுற்றுப் பெருத்தது. "கேட்டுக்கோ! அனுபவஸ்தர் சொல்றாரு!"

காவலர் பைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். கையில் ஒரு ரிமோட் இருந்தது.

"ஆறு வருஷமா நானும் பேட்டரி மாத்திக்கிட்டுத்தான் இருக்கேன், கொம்பு வளரவே மாட்டேங்குது."