கிணற்றை நோக்கி ஒரு பூவண்டி

கீர்த்தனா செண்டுப்பூ பாத்திகளுக்கு நடுவே மூச்சிரைக்க ஓடுகிறாள். அவளுக்கு முன்னால், அவளே செய்த ஆளில்லாப் பூவண்டி, சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றை நோக்கி உருள்கிறது. விழுந்தால் இறுதியாண்டு புராஜெக்ட் மொத்தமும் தண்ணீருக்குள். "ரிமோட்டை அமுக்கும்மா!" என்று கத்துகிறார், மார்க் போட வந்த தேர்வாளர். அவள் கையில் கறுப்பு ரிமோட் பெட்டி இருக்கிறது. விரல் மட்டும் அசையவில்லை. வரப்பில் ரேடியோ பாடுகிறது. அதன் பக்கத்தில் நின்ற அப்பா நாச்சிமுத்து, உழவு மாட்டை நிறுத்துகிற குரலில், "ஹோ... ஹோ...!" என்கிறார். விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நிற்கிறது. முகப்பு சென்சாரில் சிவப்பு விளக்கு இருமுறை சிமிட்டுகிறது. காலை வெயிலில் வண்டிக் கூடையில் இருக்கும் பூ தகதகக்கிறது. சக்கரம் முனகித் திரும்ப, வண்டி அடுத்த பாத்திக்குள் நுழைகிறது. "பாத்தீகளா சார், எஞ் சொல்லுக்கு அம்புட்டு மருவாதி!" அப்பா மீசையைத் தடவுகிறார். தேர்வாளர் சிரிக்கிறார். "நிறுத்துனது உங்க சத்தமில்லய்யா, உங்க பொண்ணு கையில இருக்கிற ரிமோட்டு. தானா ஓடுதுன்னு நான் எப்படி மார்க் போட?" கீர்த்தனா பெட்டியின் பின்மூடியைக் கழற்றி நீட்டுகிறாள். உள்ளே வெறும் குழிகள். நிமிர்ந்து சொல்கிறாள். "பேட்டரி ரெண்டும் காலையிலருந்து அப்பா ரேடியோவுல பாடிக்கிட்டிருக்கு சார்."