ஆறு மணிச் சத்தம்

"இது ரொம்ப நல்லா இருக்கு சார். இன்னும் கொஞ்சம் மோசமா இருக்கணும்."

ஹார்மென் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். டேவெந்தர் ஊரில் இருபத்தாறு வருஷமாகச் சைக்கிள் கடை நடத்துகிறார். புதுசும் விற்பார், பழசும் விற்பார். சைக்கிள் நன்றாக இருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்ட ஆளை அவர் பார்த்ததில்லை.

"மேடம், இது ஏழாவது சைக்கிள். உங்களுக்கு என்னதான் வேணும்?"

"சத்தம்" என்றாள் ரென்ஸ்கே. நாற்பது வயதிருக்கும். நனைந்த மழைக்கோட்டைக்கூட அவள் கழற்றவில்லை. "ஒரு மிதிக்கு கிறீச்சுனு கத்தணும். அடுத்த மிதிக்கு செயின் கவர் டக்குனு இடிக்கணும். செங்கல் ரோட்டுல ஏறினா மட்கார்டு கடகடன்னு ஆடணும். எங்கப்பா சைக்கிள் அப்படித்தான் இருக்கும். திங்கட்கிழமை ஸ்டேஷன் வாசல்ல எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்."

"தூக்கினவனுக்குக் காது கேக்காது போலிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "எங்கம்மா சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னல் பக்கத்துல வந்து உட்காருவாங்க. தெருமுனையில அந்தச் சத்தம் கேட்டாத்தான் எழுந்து தட்டு வைப்பாங்க. நாப்பது வருஷப் பழக்கம். மூணு நாளா சத்தம் இல்ல. அப்பா பேரைச் சொல்லி, 'கெரிட் இன்னும் வரலியே, நான் மட்டும் எப்படிச் சாப்பிடறது'ங்கறாங்க. வேகவச்ச உருளைக்கிழங்கு அப்படியே ஆறிப்போயிடுது."

"உங்கப்பா உள்ள வந்து, 'இதோ வந்துட்டேன்'னு ஒரு குரல் கொடுத்தா ஆச்சு. இதுக்குப் போயி..."

ரென்ஸ்கே கடைக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். ஐசல் ஆற்றின் மூடுபனி மெல்லத் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. "அம்மாவுக்கு இப்பல்லாம் ஞாபகம் சரியா இல்ல சார். சத்தத்தை மட்டுந்தான் நம்பறாங்க. இன்னிக்கும் சாப்பிடலன்னா எனக்கு பயமா இருக்கு."

ஹார்மென் மூலையில் கிடந்த கறுப்புச் சைக்கிளை இழுத்துத் தாங்கியில் ஏற்றினார். "சரி, கண்ணை மூடிக்குங்க. அந்தச் சத்தத்தை எனக்குச் சொல்லுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, வாயாலேயே சைக்கிள் ஓட்டிக் காட்டினாள். ஹார்மெனும் கண்ணை மூடிக்கொண்டார். பழுது பார்க்கும்போது அவர் எப்போதும் அப்படித்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதால்தான் பார்ப்பார். சத்தத்தைப் போக்குவதே பிழைப்பாக இருந்த மனிதர், பெடலிலிருந்த கிரீஸைத் துடைத்து எடுத்தார். நட்டு போல்ட்டைத் தளர்த்தினார். ஒரு சிட்டிகை மணலையும் போட்டார்.

"இந்தப் பாவம் என்னை சும்மா விடாது" என்று முனகினார்.

கடையில் தொங்கிய நூறு சக்கரங்களும் மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருப்பதைப் போல அவருக்குத் தோன்றியது. எவ்வளவு நேரம் போனதென்றே தெரியவில்லை. கிறீச். டக். கிறீச். டக்.

"அதேதான்!" என்றாள் ரென்ஸ்கே. மூடியிருந்த கண்களிலிருந்து நீர் வழிந்தது.

மணி ஐந்தே முக்கால். "செங்கல் தெருவுல எப்படிக் கேக்குதுன்னு நானே வந்து பாக்கறேன்" என்று ஹார்மென் கடையைப் பூட்டினார். சைக்கிளை அவர் தள்ளிக்கொண்டு வர, இருவரும் நடந்தார்கள். பனியில் வீடுகளெல்லாம் பாதி கரைந்து நின்றன. தெருமுனையில் அவள் நின்றாள்.

"ஆம்பளை உயரத்துக்கு சீட்டை ஏத்தி வச்சிருக்கேன்" என்றார் ஹார்மென். "அப்பா எங்கே?"

"என் உயரத்துக்கு இறக்குங்க சார். அப்பா செத்து மூணு வருஷமாச்சு. அன்னியிலேருந்து நான்தான் ஓட்டிட்டு வர்றேன். சத்தம் கேட்டுட்டா, அவரு கொல்லைப்பக்கம் கை கழுவறாருன்னு நினைச்சுக்கிட்டு அம்மா சாப்பிட ஆரம்பிச்சுடுவாங்க."

ஹார்மென் சீட்டை இறக்கினார். காது கொடுத்துக் கேட்பதற்காக, அவள் காட்டிய வீட்டின் ஜன்னலோரம் போய் நின்றார்.

ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது. உள்ளே அந்த அம்மாள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாதாகோயில் மணி ஆறடித்தது. பனிக்குள்ளிருந்து கிறீச், டக் என்று அது வந்தது. பின்னாலேயே மட்கார்டின் கடகடப்பு. கெரிட்டே வருகிறார் என்று ஒரு நொடி ஹார்மென்கூட நம்பிவிட்டார். சத்தம் வீட்டைத் தாண்டிக் கொல்லைப்பக்கம் போய் ஓய்ந்தது.

அந்த அம்மாள் எழுந்து மேஜையில் மூன்று தட்டுகளை வைத்தாள். பிறகு நேராக ஜன்னலுக்கு வந்தாள்.

"கையெல்லாம் கிரீஸ். சைக்கிள் கடைத் தம்பிதானே? வேலை சுத்தம். அப்படியே கெரிட் வர்ற மாதிரியே இருக்கு."

ஹார்மென் தடுமாறினார். "அவரு... இதோ... கை கழுவறாரும்மா."

"நீங்களுமா?" அவள் மெதுவாகச் சிரித்தாள். "அவரு கண்ணை மூடிவிட்டதே நான்தான் தம்பி. மூணு நாளா பகல்ல ரொட்டியும் சீஸும் ஒளிச்சு வச்சுத் தின்னுட்டிருக்கேன். ராத்திரி சாப்பாட்டைத் தொட்டா குட்டு வெளிப்பட்டுடுமே."

கொல்லைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சொல்லிடாதீங்க. எனக்கு ஞாபகம் இல்லாம இருக்கற வரைக்குந்தான் என் பொண்ணு தினமும் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவா."